கூண்டின் மூலையில் ஒடுங்கும் நாய்: வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் முதல் மாடி ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய மாமியார். நாய் வளர்க்கலாம் என்று முடிவெடுத்து, காசு கொடுத்து வாங்காமல் ஒரு காப்பகத்துக்கு இரண்டு முறை போனோம். அங்கே செவலை நிறத்தில் ஒரு பெண் நாய், இரண்டு வயது இருக்கலாம் என்கிறார்கள். மகளுக்கு அதுதான் வேண்டுமாம். ஆனால் நாங்கள் கூண்டுப் பக்கம் போனாலே அது பின்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிஸ்கட் போட்டால் தொடுவதில்லை. உறுமவும் இல்லை. "வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் காப்பகத்தில் இருக்கும் தன்னார்வலர். "பயந்த நாய்தான் கடிக்கும், வேண்டாம்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? எதை வைத்து முடிவெடுப்பது?
- வாசகி, சென்னை

பதில்:

அன்புச் சகோதரி,

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நாய் கடிப்பதற்குப் பயம் ஒரு முக்கியமான காரணம், அதில் உங்கள் கணவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயந்த நாய் முதலில் தேடுவது ஓட வழி. வழி கிடைத்தால் போய்விடும். வழியை அடைத்துக்கொண்டு யாராவது கையை நீட்டும்போதுதான் பல் வெளியே வரும். தன்னார்வலர் சொல்வதும் பொய்யில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆளே மாறிப்போகிற நாய்கள் நிறைய உண்டு. அரைகுறையாக மாறுகிற நாய்களும் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் இதுவரை பார்த்தது கூண்டுக்குள் இருக்கும் நாயை. நான்கு பக்கமும் குரைப்பு, பினாயில் வாடை, சிமென்ட் தரை, நாள் முழுக்க முன்பின் தெரியாத கால்கள். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாயின் உடம்பில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதை ஆய்வுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டில் எப்படித் தூங்குவார் என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில் கேரி பாட்ரோனெக், ஜானிஸ் பிராட்லி இருவரும் 2016-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, காப்பகங்களில் நாய்களுக்கு வைக்கும் குணப் பரிசோதனைகள் காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை இல்லை என்பதுதான். அதனால் இரண்டு முறை பார்த்ததை வைத்து 'இது இப்படிப்பட்ட நாய்' என்ற முடிவுக்கு நீங்களும் வர வேண்டாம், நானும் வர மாட்டேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவரச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய இடம் வேறு. எவ்வளவு பயப்படுகிறது என்பதைவிட, பயந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பதைப் பாருங்கள். எனக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் தெரியாது.

மூன்றாவது முறை போகும்போது வாரநாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எந்த நாயும் தன் சுபாவத்தைக் காட்டாது. மகளை அன்றைக்கு மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். நாயைக் கூண்டை விட்டு வெளியே, வேலி போட்ட முற்றத்திலோ காலி அறையிலோ விடச் சொல்லுங்கள். அதற்குப் பழக்கமான ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். பிஸ்கட் வேண்டாம். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியோ ஈரலோ, சுண்டல் அளவுக்கு நறுக்கி எடுத்துப் போங்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணுக்குள் பார்க்காதீர்கள், 'வாடா செல்லம்' என்று கூப்பிடாதீர்கள். போனைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கலாம், இந்த ஒரு விஷயத்துக்கு அது உதவும்!

கறித்துண்டை நாய்க்குப் பின்பக்கம் விழுகிற மாதிரி வீசுங்கள். உங்கள் கைக்குப் பக்கத்தில் போட்டால் ஆசை ஒரு பக்கம் இழுக்கும், பயம் ஒரு பக்கம் தள்ளும். கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக இருக்க, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்து 'கிட்டே வந்துவிட்டது' என்று நினைத்துக் கையை நீட்டுகிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். பின்னால் விழுந்தால் உங்களிடமிருந்து விலகிப் போய் நிம்மதியாகத் தின்னும். தின்றுவிட்டுத் தானாகத் திரும்பிப் பார்த்தால் அது நல்ல சேதி.

அரை மணி நேரம் இப்படி இருங்கள். முகத்தைக் கவனியுங்கள். பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, தலையைத் திருப்பிக்கொண்டு கண் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, எல்லாமே 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்பதுதான். இவை வந்து போகட்டும், பரவாயில்லை. நடுவில் எப்போதாவது தரையை மோந்து பார்க்கிறதா? குளித்துவிட்டு வந்தது போல உடம்பை ஒரு முறை சிலிர்த்து உதறுகிறதா? இறுக்கமாக மூடியிருந்த வாய் கொஞ்சம் திறக்கிறதா? அதெல்லாம் இறுக்கம் தளர்வதற்கான அடையாளம்.

அப்புறம், தூரத்தில் யாரையாவது ஒரு சாவிக்கொத்தைக் கீழே போடச் சொல்லுங்கள். திடுக்கிடும், அது இயல்பு. ஒரு நிமிடத்துக்குள் காதைத் தூக்கி, சத்தம் வந்த பக்கம் மோப்பம் பிடித்து, மறுபடி கறியைத் தேடினால் அந்த நாயோடு வேலை செய்யலாம். மீதி நேரம் முழுக்க மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எதையும் தொடாமல் இருந்தால் கணக்கு வேறு. ஒரே நாளில் முடிவுகட்டாமல் இரண்டு மூன்று நாள் கழித்து இதையே திரும்பச் செய்யுங்கள். போன முறை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா, மறுபடி முதலிலிருந்தா என்பது ரொம்ப முக்கியம்.

'உறுமவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிரண்டு உறைந்துபோன நாய் அசையாது, தூக்கினால் மூட்டை மாதிரி கையில் கிடக்கும். பார்க்கிறவர்கள் 'எவ்வளவு சமத்து' என்பார்கள். அது சமத்து இல்லை, எதிர்ப்புக் காட்டத் தெம்பில்லாத நிலை. வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் தெம்பு வந்ததும் அது உறுமத் தொடங்கலாம். அப்போது 'காப்பகத்தில் ஏமாற்றிவிட்டார்கள்' என்று தோன்றும். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். இன்னொன்று: உறுமியதற்காக நாயை ஒருபோதும் அடிக்கவோ அதட்டவோ கூடாது. உறுமல் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடி விழும்.

அலுவலகத்தில் இருப்பவரைவிட, தினமும் கூண்டு கழுவிச் சோறு வைக்கிறவரிடம் பேசுங்கள். அவர் வரும்போது இந்த நாயின் வால் இளகுகிறதா, அவர் இருக்கும்போது சாப்பிடுகிறதா என்று நேரில் நின்று பாருங்கள். ஒரே ஒரு மனிதரையாவது நம்பியிருந்தால் இரண்டாவது மனிதரையும் நம்பும். கூண்டில் மாதக்கணக்காக இருந்தும் சோறு வைக்கிற ஆளிடம்கூட ஒட்டவில்லை என்றால், முதல் முறையாக நாய் வளர்க்கப்போகிற குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எப்படி வந்தது, எத்தனை நாளாக இருக்கிறது, யாரையாவது கடித்ததா, கழுத்தில் பெல்ட் மாட்ட விடுகிறதா, மற்ற நாய்களோடு எப்படி என்பதையும் கேளுங்கள். மனிதர்களைக் கண்டால் ஒடுங்கி, நாய்களோடு மட்டும் குதித்து விளையாடுகிற ரகம் ஒன்று உண்டு. அதற்கு ஏற்கெனவே ஒரு தைரியமான நாய் இருக்கிற வீடுதான் சரி. உங்கள் வீட்டில் அது தனியாகிவிடும்.

காது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிடித்துக் கருத்தடை செய்து அடையாளம் வைக்கப்பட்ட தெருநாய் என்று அர்த்தம். நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிற பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம், மூன்றரை மாதம் வரைக்கும்தான். அந்த வயதில் அது வீட்டையே பார்த்திருக்காவிட்டால் குக்கர் விசில், மிக்ஸி, சுற்றுகிற ஃபேன், வழவழ டைல்ஸ் எல்லாமே அதற்குப் புதுசு. பழகும், ஆனால் மெதுவாகப் பழகும். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய் என்றால் பெரும்பாலும் இதைவிட வேகமாகத் தேறும்.

ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். அது வந்த நாயும் சாப்பிடாது, மூலையில் சுருண்டு படுக்கும். காதில் சீழ், இடுப்பு வலி, பல் வலி இருந்தாலும் தொட விடாது. பயம் என்று நாம் நினைப்பது சில சமயம் வலியாக இருக்கும். மருந்து கொடுத்ததும் நாய் வேறு மாதிரி ஆகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நாயைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்குக் கவலை உங்கள் மாடிப்படிதான். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது அந்தப் படியில் இறங்க வேண்டும். வழியில் பக்கத்து வீட்டுக்காரர், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், கீழே தெருவில் உள்ளூர் நாய்க் கூட்டம். பயந்த நாய்க்கு ஒவ்வொரு முறையும் இது ஒரு கண்டம். முதல் சில வாரம் பால்கனியில் ஒரு தட்டில் மண்ணோ புல்லோ போட்டு அங்கேயே போகப் பழக்க முடியுமா என்று யோசியுங்கள். தத்தெடுத்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் ஆரம்ப நாட்களில்தான். கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். உடம்போடு மாட்டுகிற ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. கிரில் கதவு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும்.

ஒன்பது வயதுக் குழந்தை சொன்னால் கேட்கிற வயதுதான். கட்டிப்பிடிக்கக் கூடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்திருந்தால் குனிந்து எட்டிப்பார்க்கக் கூடாது, சாப்பிடும்போது பக்கத்தில் போகக் கூடாது. இந்த மூன்றையும் மகள் கடைப்பிடிப்பாளா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சின்னக் கீறல் விழுந்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும்கூட.

மாமியாரின் சம்மதத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பகலில் நாயோடு வீட்டில் இருக்கப்போவது அநேகமாக அவர்தான். அவர் கைத்தடி ஊன்றி நடப்பவரா? தெருவில் வளர்ந்த நாய்க்குத் தடி என்றால் அடி. அதை முன்கூட்டியே யோசித்து, தடியைக் கண்டாலே கறித்துண்டு கிடைக்கிற மாதிரி பழக்கலாம். ஆனால் அவருக்கு விருப்பம் இருந்தால்தான் அது நடக்கும்.

எல்லாம் ஒத்துவந்தாலும் நேரடியாகத் தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாதம் தற்காலிகப் பராமரிப்புக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளில் பதற்றம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று தோன்றும் என்று ஒரு உத்தேசக் கணக்குச் சொல்வார்கள். இந்த மாதிரி நாய்க்கு அதை இரண்டால், மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். 'சரியாகிவிடும்' என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. உங்கள் நாலு பேரிடம் வாலாட்டிக்கொண்டு, விருந்தாளி வந்தால் மட்டும் ஆயுசுக்கும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற நாயாக அது இருந்துவிடலாம். அப்படி ஒரு நாய் போதும் என்றால் தாராளமாகக் கூட்டிவாருங்கள். மகள் எதிர்பார்ப்பது பந்து எடுத்துவருகிற, மடியில் ஏறிப் படுக்கிற தோழி என்றால், அதே காப்பகத்தில் கம்பியோரம் வந்து நிற்கிற வேறொரு நாய்க்கும் வீடு தேவைப்படுகிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் பாவம் ஒன்றுமில்லை.

பதற்றத்தைக் குறைக்க கால்நடை மருத்துவர் தரும் மாத்திரைகள் இருக்கின்றன, சில நாய்களுக்கு நன்றாகவே உதவும். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். கூட்டிவரும்போது ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க அது வேண்டும்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தால் அவசரப்பட வேண்டாம். இந்த நாய்க்கு உங்கள் வீட்டின் முதல் வாரமே சரவெடி வாரமாக இருக்கக் கூடாது. அதுவரை வாரம் ஒரு முறை போய்த் தரையில் உட்கார்ந்து கறி வீசிவிட்டு வாருங்கள். வெடிச் சத்தம் முழுக்க அடங்கி ஒரு வாரம் போன பிறகு கூட்டிவரலாம்.