வெசலுக்குள் ஒருவர் விழுந்தால் பின்னாலேயே இறங்கலாமா?

கேள்வி: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்) வேலைக்குப் போகும் ஒப்பந்த ஃபிட்டர் நான். சில நாள் வெசலின் (ஆலையில் உள்ள பெரிய மூடிய கலன்) மேன்ஹோலுக்கு (ஆள் நுழையும் துளை) வெளியே காவல் நிற்கச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர் மயங்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி இழுத்துவிடலாம், கெட்ட வாயு என்றால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

பதில்: இரண்டுமே உயிரை வாங்கும் யோசனைகள். இறங்காதீர்கள்.

முதலில் நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு, காற்றில் 1 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாக இருந்தாலே அழுகிய முட்டை போல நாறும். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் ‘வாயு போய்விட்டது’ என்று நினைப்போம். உண்மையில் அது ஏறியிருக்கும். 1000 பிபிஎம்-ஐ நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில்தான் தேங்கும். விழுந்தவர் கிடப்பதும் அங்கேதான்.

நைட்ரஜனுக்கோ நாற்றமே கிடையாது. ரியாக்டரில் (வேதிவினை நடக்கும் வெசல்) கேட்டலிஸ்ட்டைக் (வினையை வேகப்படுத்தும் பொருள்) காப்பாற்ற அதை நிரப்பி வைப்பார்கள். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படி உணராது. அதனால் திணறல் எதுவும் இல்லாமலேயே நினைவு போய்விடும். 2005 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில், வலேரோ ஆலையில் இதுதான் நடந்தது. ரியாக்டருக்குள் கிடந்த ஒரு டேப் சுருளை எடுக்க முயன்ற ஒப்பந்தத் தொழிலாளி நைட்ரஜனில் மயங்கினார். அவரைக் காப்பாற்ற இறங்கிய ஃபோர்மேனும் இறந்தார். மேஸ்திரி சொன்னதைத்தான் அந்த ஃபோர்மேனும் செய்தார்.

மயங்கியவரை, ஒரு ஆள் நெளிந்து நுழையும் மேன்ஹோல் வழியாக, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கிவிட யாராலும் முடியாது. முகமூடியும் ஃபில்டரும் உதவாது. ஃபில்டர் இருக்கிற காற்றைத்தான் வடிகட்டும், ஆக்சிஜனை உண்டாக்காது. காற்று சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவியும் பயிற்சியும் உள்ள மீட்புக் குழு மட்டுமே உள்ளே போகலாம்.

அப்படியானால் உங்கள் வேலை? உடனே ரேடியோவில் எந்த வெசல், எத்தனை பேர் என்று சொல்லி அலாரம் கொடுங்கள். உள்ளே இருப்பவர் இடுப்புப் பட்டையில் கயிறு இருந்தால் வெளியிலிருந்தே வின்ச்சால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) இழுங்கள். மற்றவர்கள் இறங்கப் பாய்வார்கள், அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். கூடப்பிறந்தவன் உள்ளே கிடந்தாலும் இதேதான். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இரண்டாவது உடல் அப்படித்தான் விழுகிறது.

கயிறு மாட்டியிருக்கிறதா என்பதை வேலை தொடங்கும் முன்பே பாருங்கள். கூடவே பர்மிட்டை (உள்ளே இறங்க எழுத்தில் தரும் அனுமதி) வாங்கிப் படியுங்கள். பைப்புகளில் வால்வு மூடினால் போதாது, பிளைண்ட் (குழாயை அடைக்கும் தகடு) போட்டிருக்க வேண்டும். கேஸ் டெஸ்ட்டை வெளியிலிருந்து குழாய் விட்டு மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் எடுத்திருக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காலையில் எடுத்த அளவு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்லாது, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இது சலுகை கேட்பது அல்ல. தகுதியானவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தது.

அப்புறம் ஒன்று. மயங்கித் தெளிந்தவர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று அறைக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டவருக்குப் பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும். எந்த வாயு பட்டது என்று டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். விபத்துப் பதிவேட்டிலும் அன்றே ஏற்றச் சொல்லுங்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கேட்க அந்தப் பதிவுதான் ஆதாரம்.