உட்கார்ந்தே நடித்தவர்

அன்புள்ள சார்,

நீங்கள் அடிக்கடி சொல்வதால் ஜப்பானிய இயக்குநர் கோபயாஷியின் 'ஹராகிரி' படம் பார்த்தேன். கதை பிரமாதம், மறுப்பதற்கில்லை. ஆனால் முடிச்செல்லாம் அவிழ்ந்தபிறகு மறுபடி பார்க்க அதில் என்ன இருக்கிறது? தத்சுயா நகடாயைப் பெரிய நடிகர் என்கிறீர்கள். மனிதர் முக்கால்வாசிப் படம் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதானே இருக்கிறார்? இன்னொரு ஜப்பானிய நடிகரான மிஃபூனே அளவுக்கு அவர் என்னை இழுக்கவில்லை.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. முடிச்சைத் தொடாமல் உங்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை.

முழுப் படத்தையும் மறுபடி பார்க்கப் பொறுமை இல்லையென்றால் முதல் அரைமணி நேரத்தையாவது பாருங்கள். வருடம் 1630. எஜமானின் குலம் ஒழிக்கப்பட்டு, பிழைப்பில்லாமல் திரியும் சாமுராய்கள் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் பெரிய மாளிகைகளுக்கு வந்து, "உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துச் சாக இடம் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். பலருக்குச் சாகிற எண்ணமெல்லாம் கிடையாது. காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் வேலையே கிடைக்கும் என்ற நப்பாசைதான். அப்படி இயி குலத்து மாளிகைக்கு வரும் ஹன்ஷிரோவிடம் (இவர்தான் நகடாய்), காரியஸ்தர் சைட்டோ ஒரு பழைய கதையைச் சொல்கிறார். முன்பு மொதோமே என்று ஓர் இளைஞன் இதேபோல வந்தான். அவன் இடுப்பில் இருந்தது மூங்கில் வாள். அந்த மூங்கிலாலேயே அவனை வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைத்தோம்.

முதல் முறை பார்க்கும்போது நம் கண் முழுக்க மொதோமே மேல்தான் இருக்கும். அந்தக் காட்சியின் கொடூரம் அப்படி. கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. இரண்டாம் முறை தெரியும். செத்தவன் அவருடைய மாப்பிள்ளை. மகளுக்கும் பேரனுக்கும் அதற்குள் என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். எதிராளி வாயிலிருந்து அந்தச் சாவை விலாவாரியாகக் கேட்டுக்கொண்டு, மொதோமேவைத் தெரியுமா என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு, நகடாய் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கண் கலங்குவதில்லை, பல்லைக் கடிப்பதில்லை. நம் ஊர் நடிகர் என்றால் கேமரா பக்கம் திரும்பி ஒரு துளியாவது காட்டியிருப்பார் (எனக்கும் அது பிடிக்கும், அது வேறு விஷயம்). இங்கே எதுவும் கசிந்துவிடக் கூடாது. கசிந்தால் சைட்டோ கண்டுபிடித்துவிடுவார், படமும் அங்கேயே முடிந்துவிடும்.

முற்றத்துக் காட்சியும் அப்படித்தான். வயிற்றைக் கிழித்துக்கொண்டதும் தன் தலையைத் துண்டித்து உதவ ஒரு வீரனைப் பேர் சொல்லிக் கேட்கிறார் ஹன்ஷிரோ. அவனுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை என்கிறார்கள். இன்னொருவன்? அவனும் அப்படியே. மூன்றாமவன்? அவனும்தான். முதல் முறை நாமும் சைட்டோவோடு சேர்ந்து குழம்புகிறோம். அடுத்த முறை, அந்த மூன்று பேரின் அறுக்கப்பட்ட குடுமிகளும் யார் மடியில் இருக்கின்றன என்பது தெரிந்துவிட்டதால், நகடாயின் அடித்தொண்டைக் குரலில் இருக்கும் நிதானத்தைக் கேட்டாலே முதுகு சில்லிடுகிறது.

இன்னொன்று. தாத்தாவாக நடித்த அந்த மனிதர் 1932 டிசம்பரில் பிறந்தவர். படம் வந்தது 1962இல். மாப்பிள்ளையாக நடித்த அகிரா இஷிஹாமாவைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்! தாடியும் ஒப்பனையும் மட்டும் இதைச் செய்துவிடாது. நாடக மேடையில் பழகிய குரலும், உட்காரும் தோரணையும் சேர்ந்துதான் அந்த வயதைக் கொண்டுவந்தன. இத்தனைக்கும் இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்'யில் சில நொடிகள் தெருவில் நடந்துபோகிற துணை நடிகராக இருந்தவர். அந்த நடை சரியில்லை என்று குரோசாவா திரும்பத் திரும்ப நடக்கவைத்தாராம்.

சண்டை வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. காற்றில் புல் அலைபாயும் வெட்டவெளியில் நகடாயும், அந்த மூன்று வீரர்களில் ஒருவனாக வரும் தெத்சுரோ தம்பாவும் மோதும் காட்சிக்கு நிஜ வாள்களையே பயன்படுத்தியதாக நகடாய் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது வேறொரு இடத்துக்கு. மொதோமேயின் பிணம் வீட்டுக்கு வந்த இரவு. மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் அவன் தன் வாள்களை விற்றுவிட்டான் என்பது ஹன்ஷிரோவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. தன் வாளைப் பார்க்கிறார். இதை விற்கலாம் என்று தனக்கு ஒருபோதும் தோன்றவே இல்லையே என்று உடைந்துபோகிறார். சாமுராய் கௌரவம் வெறும் முகப்பு என்று இயி குலத்தைச் சாடப்போகிற அதே ஆள், அந்தக் கௌரவத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டைப் பட்டினி போட்டவர். பழிவாங்கும் கதையாக மட்டும் பார்த்தால் இது கைநழுவிவிடும். இதைப் பார்த்தபிறகு முற்றத்தில் அவர் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் அவர்மேல் அவருக்கே உள்ள கோபமும் கேட்கும். திரைக்கதை எழுதிய ஷினோபு ஹஷிமோதோ இதை எங்கேயும் விளக்கிச் சொல்லவில்லை. நகடாயின் தொண்டையில் விட்டுவிட்டார்.

சரி, மிஃபூனே விஷயம். நானும் அவர் ரசிகன்தான். மிஃபூனே திரைக்குள் வந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அது அவருடைய பலம். நகடாய் படத்துக்குப் படம் வேறு ஆள். குரோசாவாவின் 'யொஜிம்போ'வில் கைத்துப்பாக்கியோடு அலையும் அந்தப் பொடிப்பயலும் அவர்தான் என்றால் நம்புவீர்களா? அதற்கும் இதற்கும் ஒரே ஒரு வருடம்தான் இடைவெளி.

2011இல் தகாஷி மீகே இதே கதையை 3டியில் எடுத்தார், அதற்கு அவசரம் இல்லை. 1967இல் கோபயாஷி எடுத்த 'சாமுராய் ரெபெலியன்' பாருங்கள். மிஃபூனே நாயகன், நகடாய் நண்பன், கடைசியில் இருவரும் எதிரெதிரே வாளோடு நிற்கவேண்டி வருகிறது. பார்த்துவிட்டு யார் பக்கம் என்று எழுதுங்கள்.