அதற்குள்ளேயா?

கேள்வி: கணவர் போய் ஏழு மாதம் ஆகிறது. மூன்றாம் மாதம் எனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால் காலையில் செருப்பை மாட்டினாலே "அதற்குள்ளேயா?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நடைப்பயிற்சியால் துக்கம் தீருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: தீருமா என்பதற்கு அப்புறம் வருகிறேன் அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த "அதற்குள்ளேயா?" தான். எதற்குள்? மனைவியைப் பறிகொடுத்தவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடை திறக்கலாம், டீக்கடை பெஞ்சில் உட்காரலாம். "பாவம், மனசு மாறட்டும்" என்பார்கள். பெண் தெருமுனை வரை போனால் மட்டும் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பெண்ணை மூலையில் உட்காரவைக்கும் வழக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் திட்டிக் கடிதம் வருகிறது. வரட்டும். இன்னும் எழுதுவேன்.

இந்தச் சொல்லை ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையைவிட்டு அசையவிட மாட்டார்கள். சோற்றைக்கூட ஊட்டித்தான் விடுவார்கள். அமெரிக்காவில் டாக்டர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் அப்படிப்பட்ட 81 பேரைச் சீக்கிரமே எழுப்பி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, 1952-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். வெறுமனே உட்காரவைத்ததுதான் அன்றைக்குப் பெரிய துணிச்சல்! 1966-இல் டல்லஸில் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். ஓடியாடும்போது உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளந்ததில், முப்பது வருஷ வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம். உங்களை உட்காரச் சொல்கிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அத்தான் போன பிறகு அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. "ஒருத்திக்கு என்னத்தடா சமைக்கிறது?" காலையிலும் டீயும் ரஸ்க்கும், ராத்திரியும் டீயும் ரஸ்க்கும். ஒருநாள் நான் போனபோது குக்கர் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது, அதன்மேல் தூசி. நாலாம் மாதம் என்ன தோன்றியதோ, பால் பாக்கெட் போடும் பையனை நிறுத்திவிட்டு, தானே பூத்துக்குக் கிளம்பினாள். முதல் நாள் மூன்றாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இரண்டு வாரத்தில் பூத் வரை போனாள். பூத்துக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கீரைக்காரி, "எடுத்துட்டுப் போம்மா, கடைசிக் கட்டு" என்று கையில் திணித்துவிட்டாள். கீரையை வாங்கினால் அன்றைக்கே ஆய வேண்டும், அன்றைக்கே சமைக்க வேண்டும். குக்கர் அப்படித்தான் நிமிர்ந்தது.

அக்காவின் துக்கம் தீர்ந்ததா? இல்லை. "அந்த இருட்டோடு போறப்போ அழுதுகிட்டே நடப்பேன்டா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள். வீட்டில் அவள் அழுதால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். தெருவில் அவள் பாட்டுக்கு அழ முடிந்தது. பசித்தது, தூக்கம் வந்தது. தீருமா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

"அதற்குள்ளேயா?"வுக்கு ஓர் அண்ணன் உண்டு: "இனிமேலா?" பஞ்சாப் கிராமத்து விவசாயி ஃபௌஜா சிங்குக்கு 1992-இல் மனைவி போனார். 1994-இல் ஒரு மகன் கண்ணெதிரே விபத்தில் போனார். இடிந்துபோய், லண்டனில் இருந்த இன்னொரு மகனிடம் போய்ச் சேர்ந்தவர், எண்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தார். 2000-இல், 89 வயதில், லண்டன் மாரத்தானின் 42 கிலோமீட்டரையும் முடித்தார். 2011-இல் டொரன்டோவில், நூறு வயதில், 8 மணி 11 நிமிடத்தில் இன்னொன்று. கின்னஸ்காரர்கள் பதிவு செய்யவில்லை. பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். 1911-இல் பஞ்சாப் குக்கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் சான்றிதழ் எழுதினார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2025 ஜூலையில், 114 வயதில், சொந்த ஊரில் ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார் அவர். படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இத்தனை மாரத்தான் ஓடிய மனிதருக்குத் தன் வீட்டுப் பக்கத்து ரோட்டைக் கடக்க வழியில்லை.

நடைபாதை பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 2023-இல் அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை அறிவித்தபோது இதே பக்கத்தில் கைதட்டினேன். ஆனால் ஸ்டென்ட் வைத்த பெண் தன் வாசல்படி இறங்கி நூறு அடி நடக்கும் இடம் எப்படி இருக்கிறது? ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு பைக், ஜல்லிக் குவியல், மூடி உடைந்த சாக்கடை. இதை எழுதியதற்கு அதிகாரி ஒருவர், "நடக்கத்தான் மைதானம் இருக்கிறதே" என்று பதில் போட்டார். அந்த மைதானம் வரை எதில் நடப்பது ஐயா? மூன்று முறை கேட்டுவிட்டேன், இது நாலாவது.

சரி, உங்களுக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன அளவோடு ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் போதும், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சை அழுத்தினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள். தெம்பு வந்துவிட்டது என்று ஸ்டென்ட் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தினம் பத்தாயிரம் அடி எடுத்துவைக்கும் கணக்கு வேண்டவே வேண்டாம். 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது. வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் எழுந்திருக்கவே மனம் வராவிட்டால், அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் யாராவது "அதற்குள்ளேயா?" என்றால், "ஆமாம், கீரைக்காரி போய்விடுவாள்" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.