ஜோன் ஜான்சன் என்ன செய்தார்? – கடிதம்

வணக்கம்.

நானும் கணவரும் கோபியில் தலைமுடி எண்ணெய் காய்ச்சி விற்கிறோம். கருப்பினத்தவர் தலைமுடிக்கான பொருள்கள் தயாரித்த சிகாகோவின் ஜான்சன் புராடக்ட்ஸ் கம்பெனி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இணையத்தில் தேடினேன். எங்கு பார்த்தாலும் "ஜார்ஜ் ஜான்சன் தொடங்கினார், மனைவி ஜோன் உதவினார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னைப் பற்றியும் ஊரில் இதே வரிதான். அந்த அம்மாள் செய்த வேலை என்ன? கையால் கலக்கிய க்ரீம் எப்படிப் பங்குச் சந்தை வரை போனது, பிறகு ஏன் கைமாறியது? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

எஸ்., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள எஸ்.,

ஜோன் ஜான்சன் கணக்கு எழுதினார். அந்தக் கம்பெனியில் பாதி வேலை அதுதான். காரணம் புரிய, அவர்கள் விற்ற சரக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜார்ஜ், எஸ். பி. ஃபுல்லர் என்ற கருப்பினத் தொழிலதிபரின் அழகுப்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த நாளில் கருப்பின ஆண்கள் சுருள்முடியை நேராக்க, முடிதிருத்தகங்களில் காஸ்டிக் சோடா என்ற, தோலை அரிக்கும் காரப்பொருளோடு உருளைக்கிழங்கு, முட்டை சேர்த்துக் கலக்கியதைத் தடவிக்கொண்டார்கள். வைத்திருந்தால் பிரிந்துபோகும். இன்று இருக்கும் காரத்தின் வீரியம் நாளை இருக்காது. தலைத்தோல் வெந்துவிடும். ஆர்வில் நெல்சன் என்ற முடிதிருத்துநருக்கு இருந்த இந்தத் தலைவலியை ஜார்ஜ் கையில் எடுத்தார். ஃபுல்லரின் வேதியியலாளர் ஹெர்பர்ட் மார்ட்டினி உதவினார். தொழிலுக்கு என்று கேட்டபோது கடன் கிடைக்கவில்லை. இன்னோரிடத்தில், மனைவியோடு விடுமுறைக்குப் போகவேண்டும் என்று சொல்லி 250 டாலர் வாங்கினார். 1954-இல் 'அல்ட்ரா வேவ்' வந்தது இப்படித்தான். நெல்சனோடு போட்ட கூட்டு நீடிக்கவில்லை. கணவனும் மனைவியும் மிஞ்சினார்கள்.

இந்த வகை க்ரீமுக்கு ரிலாக்ஸர் என்று பெயர். காஸ்டிக் சோடா இதில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். மற்றதெல்லாம் தண்ணீர், வாசலின், மினரல் ஆயில், அவற்றைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் மெழுகு போன்ற பொருள்கள். எண்ணெய்ப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் தனித்தனியாக 70–75 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றாக்கிக் கிளறி, 45 டிகிரிக்குக் கீழே ஆறியபின் சோடாக் கரைசலைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது வழக்கம். கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், எவர்சில்வர்தான் சரி. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். வெயிலில் கிடந்த டப்பாவில் எண்ணெய் மேலே மிதந்தால், காரமெல்லாம் அடியில் தேங்கிய நீரில் இருக்கிறது என்று பொருள். அதை அள்ளித் தடவினால் தலை புண்ணாகும். ஆகவே ஒவ்வொரு தயாரிப்பிலும் மாதிரி எடுத்து, சூட்டில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்த பிறகே சரக்கை அனுப்ப வேண்டும்.

தடவுவதிலும் பிசகக்கூடாது. முதலில் தலைத்தோலுக்கு வாசலின் காப்பு. பிறகு வேரை விட்டுச் சற்றுத் தள்ளி க்ரீமைத் தொடங்கி, வேர்ப்பகுதிக்குக் கடைசியில் வர வேண்டும். உடல் சூட்டால் அங்கே வேலை சீக்கிரம் நடந்துவிடும். மெல்லிய முடியானால் இன்னும் முன்பே, முரட்டு முடிக்கும் 20 நிமிடத்துக்குள் கழுவியாக வேண்டும். அதன்பின் மிச்சக் காரத்தை முறிக்கும் ஷாம்பு. நேரான முடி மறுபடி சுருளாது. 6–8 வாரத்தில் புதிதாக முளைத்த பகுதிக்கு மட்டும் மறுபடி போட வேண்டும். பழைய பகுதியிலும் பட்டால் முடி ஒடிந்து விழும்.

இந்தப் பொருளைக் கடையில் அடுக்கிவைத்து மட்டும் விற்றுவிட முடியாது என்பது இப்போது தெரிந்திருக்கும். சலூன்காரருக்குக் கற்றுக்கொடுத்துத்தான் விற்க வேண்டும். சிறு சலூன் என்றால் இன்று சரக்கு, அடுத்த மாதம் பணம். அங்கேதான் கணக்குப்புத்தகம் கம்பெனியின் உயிராகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டப்பா ஒன்றுக்கு அடக்கவிலை 1 டாலர், விற்பனை 2 டாலர், மாதம் 500 டப்பா, பணம் வர 60 நாள். காகிதத்தில் மாதம் 500 டாலர் லாபம். கையிலோ முதல் இரண்டு மாதத்தில் 1,000 டாலர் போயிருக்கும், ஒரு டாலரும் வந்திருக்காது. மூன்றாம் மாதம் ஆர்டர் இரட்டித்தால் மூலப்பொருளுக்கு 1,000 வேண்டும். முதல் மாதப் பணம் 1,000 வரும், அப்படியே அதற்குப் போய்விடும். வாடகைக்கும் கூலிக்கும் எதுவும் மிஞ்சாது. விற்பனை ஏற ஏற இறுக்கமும் ஏறும். யாருக்கு எத்தனை நாள் கடன், யாருக்கு இனி ரொக்கம் மட்டும், எந்த ஆர்டரை வேண்டாமென்று சொல்வது என்று பேரேட்டைப் பார்த்துத் தீர்மானிக்க ஓர் ஆள் இல்லாத கம்பெனி நல்ல க்ரீமை வைத்துக்கொண்டே மூழ்கும். வங்கிக் கடன் எளிதில் எட்டாத கருப்பினத் தம்பதிக்கு வசூலான பாக்கிதான் முதலீடு. ஜோனின் இடம் அது. இதை 'உதவி' என்பது எனக்கு ஒப்பவில்லை.

1957-இல் பெண்களுக்கான 'அல்ட்ரா ஷீன்'. சுருள்முடியை நேராக்காமல் அப்படியே வளர்க்கும் ஆப்ரோ பாணி பெருகியபோது 'ஆப்ரோ ஷீன்'. 1971-இல் கம்பெனி அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கருப்பினத்தவர் கம்பெனி ஒன்று அங்கே வந்தது அதுவே முதல்முறை.

இதே அமைப்பை மற்ற தம்பதிகளிடமும் பார்க்கலாம். வட கரோலினாவில் ஜோ டட்லியும் யூனிஸும் முதலில் ஃபுல்லரின் பொருள்களை விற்றார்கள். சரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1969-இல் வீட்டுச் சமையலறையில் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். இரவில் கிளறி, பழைய மயோனைஸ் ஜாடிகளில் நிரப்பி, பகலில் விற்றார்கள். சிகாகோவில் எட்வர்ட் கார்ட்னர் பள்ளியில் துணை முதல்வர். சலூன்களுக்குப் பகுதிநேரமாகப் பொருள் விற்றபோது கேட்ட குறைகளை வைத்து, மனைவி பெட்டியானோடு 1964-இல் வீட்டின் நிலவறையில் சாஃப்ட் ஷீனைத் தொடங்கினார். 1979-இல் வந்த அவர்களுடைய 'கேர் ஃப்ரீ கர்ல்' காஸ்டிக் சோடாவால் ஆனதல்ல, தயோகிளைகாலேட் என்ற வேறொரு ரசாயனத்தால் ஆனது. காஸ்டிக் ரிலாக்ஸர் போட்ட முடியில் அதைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். வாடிக்கையாளரிடம் முன்பு என்ன போட்டீர்கள் என்று கேட்கச் சொல்லித்தருவதும் வியாபாரத்தில் சேர்த்திதான்.

இனி கைமாறிய விஷயம். 1970களின் நடுவில் அமெரிக்க வணிக ஆணையம், காஸ்டிக் சோடா பற்றிய எச்சரிக்கையை லேபிளில் போடச் சொல்லி ஜான்சனிடம் ஒப்புதல் வாங்கியது. போட்டிக் கம்பெனியான ரெவ்லானுக்கு அந்தக் கட்டாயம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்தித்தான் வந்தது. எச்சரிக்கை தேவையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2022-இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு ஒன்று, முடியை நேராக்கும் பொருள்களை ஆண்டுக்கு நான்கு முறைக்குமேல் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டதாகச் சொல்கிறது. ஆனால் ஒரே சரக்கை விற்ற இருவரில் ஒருவர் டப்பாவில் மட்டும் அந்த வரி இருந்தது அநியாயம். ஜான்சனின் சந்தை அங்கே சரியத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளும் நுழைந்தன. 1989-இல் தம்பதி மணவிலக்குப் பெற்றபோது ஜார்ஜ் தன் பங்குகளை ஜோனுக்கு மாற்றிக்கொடுத்தார். 1993-இல் கம்பெனி ஐவாக்ஸ் என்ற மருந்துக் கம்பெனிக்கு விற்பனையானது.

இதற்கு நேரெதிர் செயின்ட் லூயிஸின் ஆனி மலோன். திருமணத்துக்கு முன்பே போரோ என்ற தலைமுடிப்பொருள் கம்பெனியைக் கட்டியவர். 1927-இல் மணமுறிவின்போது கணவர் பாதியைக் கேட்டார். 2,00,000 டாலர் கொடுத்து ஆனி கம்பெனியைக் காப்பாற்றிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் சண்டை வரும் என்று நான் சொல்லவில்லை, எஸ். கூட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். யாருக்கு எத்தனை சதவீதம், பிராண்ட் பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் மற்றவர் எந்த மதிப்பில் வாங்கிக்கொள்வது, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு என்று அதில் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். காய்ச்சும் ஒவ்வொரு தடவைக்கும் ஓர் எண் போட்டு, ஒரு பாட்டிலை எடுத்துவைத்து, அது எந்தெந்தக் கடைக்குப் போனது என்று பேரேட்டிலேயே குறியுங்கள். புகார் வந்தால் எந்தச் சரக்கைத் திரும்ப எடுப்பது என்று அன்றே தெரிந்துவிடும்.