மலப் பரிசோதனையில் பியூட்டிரேட் குறைவு என்று வந்தால் மாத்திரை போடலாமா?

அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் போடாதீர்கள். பியூட்டிரேட் என்பது பெருங்குடலில் பாக்டீரியா உருவாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களில் ஒன்று. இந்த அமிலங்களில் 90-95% குடல் சுவரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மலத்தில் அளப்பது மிச்சத்தை. பேதியானால் உறிஞ்ச நேரமில்லாமல் அளவு கூடும், மலச்சிக்கலில் குறையும். உற்பத்தி இரண்டிலும் ஒரே அளவாகக்கூட இருக்கலாம்.

நார்ச்சத்தைப் பாக்டீரியா நொதிக்கவைக்கும்போது அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற இந்த அமிலங்கள் மூன்றும் ஏறத்தாழ 60:20:20 விகிதத்தில் கிடைக்கும். புரோபியோனேட்டைக் கல்லீரல் எடுத்துக்கொள்ளும். உடல் முழுக்கச் சுற்றுவது பெரும்பாலும் அசிடேட்தான். பியூட்டிரேட் பெருங்குடல் செல்களுக்கே எரிபொருள், அவற்றின் ஆற்றலில் சுமார் 70% அதிலிருந்து வருகிறது. அதை எரிக்க ஆக்சிஜன் செலவாவதால் குடலின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் அதிகம் கசியாது. ஆக்சிஜன் இல்லாததால் சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருக வழி குறையும். சாதாரண கேப்சூலில் உள்ள பியூட்டிரேட் பெருங்குடலை எட்டுமுன்பே உறிஞ்சப்பட்டுவிடும். மேல்பூச்சு போட்டவை ஓரளவு தாண்டும். ஆனாலும் மூலப்பொருளான நார்ச்சத்தை அனுப்பி உள்ளேயே தயாரிக்கவைப்பதுதான் என் தேர்வு.

நார்ச்சத்து தீர்ந்துபோனால் பாக்டீரியா புரதத்தில் கைவைக்கும், அதுவும் பெருங்குடலின் கடைசிப் பகுதியில். புரதத்திலுள்ள டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வரும் இண்டோல் என்ற பொருளில் ஒரு பகுதியைக் கல்லீரல் இண்டாக்சில் சல்ஃபேட்டாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றும். சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்கும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸிலும் சரியாகப் போகாது.

அமோனியாவும் இப்படிப் பாக்டீரியா புரதத்தை உடைக்கும்போது வருவதுதான். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு அது மூளைவரை போய்க் குழப்பம் உண்டாக்கும். லாக்டுலோஸ் என்ற, உடல் செரிக்காத சர்க்கரை மருந்தைக் கொடுத்தால் பாக்டீரியா அதை அமிலமாக்கும். அமோனியா அமோனியம் அயனியாகிக் குடலிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 2-3 முறை இளகலாக மலம் போகும்படி டோஸை வைப்பார்கள். அளவு மீறிப் பேதியானால் நீர்ச்சத்தும் பொட்டாசியமும் குறைந்து குழப்பம் இன்னும் கூடும்.

கூடவே டிஎம்ஏஓ (குடல் பாக்டீரியாவின் பங்கோடு உருவாகி, இதயநோய் அபாயத்தோடு தொடர்புபடுத்தப்படும் பொருள்) பரிசோதனையும் எடுத்திருந்தால், முந்தின நாள் கடல்மீன் சாப்பிட்டீர்களா என்று பாருங்கள். மீனிலேயே அது இருப்பதால் அளவு எகிறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்க்காமல் அந்த எண்ணைப் படிக்கவே கூடாது.

நார்ச்சத்தை வாரத்துக்கு 5 கிராம் போலக் கூட்டி, தினம் 25-30 கிராமுக்கு வாருங்கள். பயறு, முழுதானியம், வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிச் சேருங்கள், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வாயு, உப்புசம் என்று இரண்டே நாளில் கைவிட்டுவிடுவீர்கள். குடல் அடைப்போ சுருக்கமோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.