கிரேடு 3 என்றால் மூன்றாம் நிலையா?

கேள்வி: எனக்கு வயது 47. மார்பகக் கட்டியை மட்டும் அகற்றி 12 நாட்கள் ஆகின்றன. அறிக்கையில், 'கட்டி 18 மி.மீ., கிரேடு 3, மூன்று நிணநீர் முடிச்சுகளில் எதிலும் புற்று இல்லை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ்' என்று இருக்கிறது. அதைப் படித்த உறவினர், "மூன்றாம் நிலை, ஐந்து வருடம்தான்" என்கிறார். மகள் படித்து முடிக்கவே ஆறு வருடம் ஆகும். மருத்துவரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். அதுவரை என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வேலையாக அறிக்கையை உறவினரிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு வரியில் இரண்டு பிழை செய்திருக்கிறார்.

கிரேடு வேறு, நிலை வேறு. செல்களின் அமைப்பு, உட்கருவின் தோற்றம், பிரியும் வேகம் ஆகிய மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. கட்டி வேகமாக வளரும் குணம் கொண்டது என்று பொருள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைத்தான் நிலை சொல்லும். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி, முடிச்சுகளில் புற்று இல்லை என்றால், பரவலைப் பொறுத்தவரை அது முதல் நிலை.

அடுத்து அந்த ஐந்து வருடம். அது ஆயுள் கெடு இல்லை. கணக்கெடுப்பவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில், மார்பகத்தைத் தாண்டாத புற்றுக்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம், நோயற்ற அதே வயதுப் பெண்களோடு ஒப்பிடும்போது, 99 சதவீதத்துக்கு மேல். அக்குள் முடிச்சுவரை வந்திருந்தால் சுமார் 87. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போயிருந்தால்தான் 32 அளவுக்கு இறங்குகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் துணையோடு வளரும் உங்கள் வகைப் புற்று பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். அதனால்தான் அந்த ஹார்மோனுக்கு எதிரான மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் தருகிறோம். அப்படிப்பட்ட மாத்திரைகளில் ஒன்றான டாமாக்ஸிஃபெனை ஐந்து ஆண்டுகள் எடுப்பது, இந்த வகையில் மார்பகப் புற்றால் நேரும் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. கீமோவுக்குத் தலைமுடியையே கொடுத்தவர்கள், உடல் சூடு தாங்கவில்லை என்று இந்தச் சிறு மாத்திரையை இரண்டாம் வருடம் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அப்போதுதான். சொன்னால் மருந்தை மாற்றலாம், சூட்டைத் தணிக்க வழி பார்க்கலாம்.

அடுத்த வாரம் மருத்துவரிடம், கிரேடு 3 என்பதால் கீமோ தேவையா, அதை முடிவுசெய்யக் கட்டியில் மரபணுப் பரிசோதனை உதவுமா என்று கேளுங்கள். கட்டியை மட்டும் எடுத்திருப்பதால் கதிர்வீச்சு பெரும்பாலும் இருக்கும். அப்போது கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க வேண்டும். கை தூக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்றே செய்யுங்கள். இல்லையென்றால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தோள் இறுகிப்போனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்க நேரும்.