21-ஆவது வேதாளரும் புதியவர்தானே!

கேள்வி: முகமூடி வீரர் வேதாளரை (ஆங்கிலத்தில் 'தி ஃபாண்டம்') உருவாக்கிய லீ ஃபாக் எழுதிய சித்திரக்கதைகளே ஏராளமாக இருக்கின்றன. அவற்றை மறுபதிப்புச் செய்யச் சொல்லாமல், யார் யாரோ எழுதும் புதுக் கதைகளைப் பாராட்டுகிறீர்களே, நியாயமா?

பதில்: நியாயம்தான். 1536-இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கியவன், கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்து முதல் வேதாளர் ஆகிறான். அவனுக்குப் பின் மகன், அப்புறம் பேரன். நாம் படிப்பது 21-ஆவது ஆளை. ஒருவர் போனால் அடுத்தவர் அதே முகமூடியை மாட்டிக்கொள்வதுதான் கதையே. எழுதுகிறவர் மட்டும் மாறக் கூடாது என்றால் எப்படி?

ஃபாக் காலத்தில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்ததா? ஆசியப் பக்கம் இருந்த வேதாளரின் காட்டை ஆப்பிரிக்காவுக்கு நகர்த்தியவர் அவர்தான். 1977-இல் வேதாளருக்கும் அவர் காதலி டயானாவுக்கும் கல்யாணம் முடித்துவைத்தவரும் அவர்தான். வேதாளரின் உடைக்கு ஃபாக் மனதில் வைத்திருந்த நிறம் சாம்பல். 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கத்தில் அது ஊதாவானது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. தமிழில் ராணி காமிக்ஸ் இதழில் 'மாயாவி' என்று பெயரே மாறி வந்தபோதும் நாம் விடாமல் படித்தோமே!

ஸ்வீடன்காரர்கள் 1963-இலிருந்தே சொந்தக் கதைகள் வெளியிடுகிறார்கள். 1999-இல் ஃபாக் மறைந்ததும் செய்தித்தாள் தொடரைக் கையில் எடுத்தவர்கள் அங்கே எழுதிப் பழகியவர்கள்தான். அவர்களில் ஒருவர் டோனி டிபால். அவருடைய ஒரு நெடுங்கதையில், சிறையிலிருக்கும் ஒரு பெண்ணை மீட்கக் கிளம்புகிறார் வேதாளர். போனால் உன் சாவும் வம்சத்தின் அழிவும் அதிலிருந்துதான் தொடங்கும் என்கிறார் வருவதை முன்கூட்டியே சொல்லும் முதியவர் மோஸ். போகாமல் இருந்தால் அவர் வேதாளரா? ஃபாக் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் இந்தச் சிக்கலே நிற்கிறது. எனக்கு இது போதும்.

எல்லாப் புதுக் கதையும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அடிவாங்கி விழுந்தவன் தாடையைத் தடவிப் பார்க்கிறான். அங்கே வேதாளரின் மோதிரத்திலுள்ள மண்டையோட்டு முத்திரை பதிந்திருக்கிறது. அவன் முகம் வெளிறும் அந்த ஒரு கட்டத்தை வரையத் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மறுபதிப்பும் வரட்டும். ஃபாக்கின் கதைகளுக்குப் படம் போட்ட ஓவியர் சை பேரி வரைந்த காட்டைப் பெரிய அளவில், நல்ல தாளில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் புதியவற்றில் நான்கையாவது படித்துவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் சொல்கிறேன்.